பெட்டியில் இல்லாத மஞ்சள் கடிதம்

வெள்ளிக்கிழமை, காலை 8.05.

நூலகத்துக்கு வெளியே சுவரில் தொங்கிய தகரப் பெட்டியை ஆலோசகர் திறந்தார். பூட்டில் கீறல் இல்லை. மூடியில் நெம்பிய தடம் இல்லை. உள்ளே ஆறு கடிதங்கள் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பில் வைத்தார். ஆறும் வெள்ளைத் தாள்.

"மஞ்சள் எங்க?" என்று கேட்டார் பக்கத்தில் நின்ற நூலகர்.

"என்ன மஞ்சள்?"

"நேத்து சாயங்காலம் மூணு நாப்பதுக்கு ஒரு மஞ்சள் கடிதம் உள்ள போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

ஆலோசகர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். வெறுங்கைதான் வெளியே வந்தது.

நூலகரைப் பிள்ளைகள் 'உஷ் மிஸ்' என்பார்கள். முப்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினாலும் உதட்டில் விரலை வைத்து ஒரே ஒரு 'உஷ்'தான், அறை அடங்கிவிடும். சென்ற பருவத்துக்குப் பிறகு அவர் அதைச் சொல்வதில்லை. சத்தம் அவர் காதுக்கு எட்டுவதே இல்லை என்பதுதான் உண்மை. காலையில் எழுகிறார், குளிக்கிறார், பேருந்தில் ஏறுகிறார், புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறார். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல நடக்கிறது. பல் பிடுங்கப் போட்ட ஊசி இன்னும் இறங்காதவர் தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்ப்பதுபோல, அவ்வப்போது தன் மனதைத் தொட்டுப் பார்ப்பார். மரத்துத்தான் கிடந்தது.

சென்ற பருவத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டில் இறந்துபோனாள். மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார்கள். விழவில்லை என்று பிறகு தெரிந்தது. கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பெண் நூலகத்துக்கு வருவாள். உஷ் மிஸ் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது. வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. கைவினை மன்றத்துப் பிள்ளைகளே தகரத்தை வெட்டி, வளைத்து, நீல வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். மேலே கடிதம் போட ஒரு நீளத் துவாரம். கீழே, கடிதம் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரிந்துகொள்ள விரலகலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை. ஆலோசகருக்கு மூன்று பள்ளிகள். இங்கே செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். சாவி அவர் கழுத்திலேயே தொங்கும். வேறு சாவி கிடையாது.

"யாரோடதுன்னு தெரியுமா?" ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும். தாள் கொடுத்ததே நான்தான்."

நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்டல் எழுத ஒரு மஞ்சள் தாள் கட்டு உண்டு. முந்தின நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "ஒரு தாள் கிடைக்குமா மிஸ்?" என்றாள். வாசிப்பு மன்றத்தில் தவறாமல் மூலை மேசையில் உட்கார்பவள். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. உஷ் மிஸ் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். அவள் அரை மணி நேரம் எழுதினாள். நாலாக மடித்தாள். வெளியே போய்ப் பெட்டியில் போட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக உஷ் மிஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நடைக்கூடத்தில் அப்போது வழக்கமான கூட்டம்: ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பிய நாலைந்து பேர், விசிலைச் சுழற்றியபடி உடற்கல்வி ஆசிரியர், வாசிப்பு மன்றத்துக்குக் கொடுத்த பால் தம்ளர்களைத் திரும்ப வாங்கிப் போக வந்த கேண்டீன் சமையற்காரம்மா, பசைத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கைவினை மன்றத்துப் பெண்கள். மாலை 4.10க்கு உஷ் மிஸ் கிளம்பும்போது கண்ணாடிப் பட்டையில் மஞ்சள் தெரிந்தது.

"பேரை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்" என்றார் ஆலோசகர். "இந்தப் பெட்டியில போட்டா பேர் வெளிய வரும்னு ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சா போதும். அதோட இந்தப் பெட்டி வெறும் தகரம்தான்."

உஷ் மிஸ் தலையசைத்தார். பிறகு துவாரத்தின் விளிம்பை உற்றுப் பார்த்தார். வெள்ளையாக ஏதோ இழுகி, காய்ந்து, ஒட்டிக்கொண்டிருந்தது.

8.30.

துணைத் தலைமையாசிரியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெட்டியின் முன் நின்றார். எதையும் ஒரே பார்வையில் முடிவு செய்பவர். அதில் பாதி சரியாகவும் இருக்கும்.

"பசை" என்றார். "குச்சி நுனியில பசையைத் தடவி, துவாரம் வழியா விட்டு ஒட்டி எடுத்திருக்காங்க. பசை யார்கிட்ட இருக்கு? கைவினை மன்றம். பெட்டி உள்ள எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? கைவினை மன்றம். கூப்பிடுங்க அந்தச் சுருளை."

சுருள் என்பது எட்டாம் வகுப்புப் பெண். தலைமுடியால் வந்த பெயர். கைவினை மன்றத்தின் தலைவி. போன மாதம் ஆசிரியர்கள் அறைக் கதவுக்கு மேலே வண்ணப் பொடி கட்டி, துணைத் தலைமையாசிரியரையே பச்சைக்கிளியாக்கியவள். அன்று பிற்பகல் 1.30க்கு மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குக் கிளம்பும் பேருந்தில் அவளுக்கும் இடம் இருந்தது. அவள் செய்த பாலத்துக்கும்.

"காலையில எப்ப வந்த?"

"ஏழு முப்பத்தஞ்சுக்கு சார். பாலத்தைப் பெட்டியில அடுக்கணும்ல."

"இந்த நடைக்கூடம் வழியா வந்தியா?"

"வேற வழி ஏது சார்?"

"கடிதத்தை எதுக்கு எடுத்த?"

"எந்தக் கடிதம்?"

"நீ உண்மையைச் சொல்ற வரைக்கும் பேருந்து உன்னை விட்டுட்டுத்தான் போகும்."

சுருளின் முகம் சுருங்கியது. அழவில்லை. பெட்டியைப் பார்த்தாள். துவாரத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள்.

"மிஸ், நான் எடுக்கணும்னா துவாரத்துப் பக்கமே போக மாட்டேன்" என்றாள் உஷ் மிஸ்ஸிடம். "பின்தகட்டுல நாலு திருகாணி. கழட்டி எடுத்துட்டு மாட்டிட்டுப் போயிருவேன், யாருக்கும் தெரியாது. நான் செஞ்ச பெட்டி மிஸ். இப்படி மூக்கைத் துடைச்ச மாதிரி அசிங்கம் பண்ணுவேனா?"

"வாயைப் பாரு" என்றார் துணைத் தலைமையாசிரியர்.

உஷ் மிஸ் அந்த வாயிலிருந்து வந்ததை யோசித்துக்கொண்டிருந்தார். சரியாகத்தான் பட்டது.

8.50.

வாசல் காவலரிடம் ஒரு நோட்டு உண்டு. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று எழுதுவார். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். நேரம் மட்டும் பிசகாது.

"நேத்து நடைக்கூடக் கதவை எப்ப பூட்டினீங்க?" என்று கேட்டார் உஷ் மிஸ்.

"நாலே காலுக்கு. நீங்க போன அஞ்சு நிமிஷத்துல."

"அதுக்கப்புறம் யாராவது?"

"ஈ காக்கா கிடையாது."

"இன்னைக்கு எப்ப திறந்தீங்க?"

"ஆறே காலுக்கு. கேண்டீனுக்குத் திறந்து விட்டேன். ஏழு இருபதுக்கு விளையாட்டு சார். ஏழு முப்பத்தஞ்சுக்கு அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணு. ஏழு அம்பதுக்கு நீங்க. எட்டுக்கு ஆலோசகர் அம்மா."

ஆக, ஆறே காலுக்கும் எட்டுக்கும் நடுவில்.

9.05. உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"அந்தப் பெட்டியை வைக்க வேண்டாம்னு முதல்லயே சொன்னேன். நாலு சுத்து ஓடச் சொன்னா எழுதிப் போடுவாங்க. எட்டுக் கடிதம் வந்தா அஞ்சு என்னைப் பத்தித்தான் இருக்கும்."

"அதனால பயமா சார்?"

"பயம் எதுக்கு? ஆத்திரம்."

"காலையில நடைக்கூடத்துல நின்னீங்களா?"

"வருகைப் பதிவேட்டை எடுத்துட்டு நேரா இங்க வந்தேன். வேணும்னா என் பையைப் பாருங்க."

பையைப் பார்க்கச் சொல்கிறவன் பையில் எதையும் வைத்திருக்க மாட்டான். உஷ் மிஸ் பார்க்கவில்லை.

நூலகத்துக்குத் திரும்பினார். ஆலோசகர் கதவைச் சாத்திக்கொண்டு கடிதங்களைப் படித்து முடித்திருந்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு கேக்கல" என்றார் உஷ் மிஸ். "தாளை மட்டும் வெளிப்பக்கம் காட்டுங்க."

ஆறையும் மேசையில் பரப்பினார்கள். ஐந்து சுத்தமாக இருந்தன. ஆறாவதன் முதுகில், துவாரத்தில் இருந்த அதே வெள்ளை, ஒரு கொட்டைப்பாக்கு அளவில் காய்ந்திருந்தது.

"இது எப்படி மூடியிருந்துச்சு?"

"நாலு பக்கமும் ஒட்டுநாடா. நான்தான் கத்தரியால வெட்டித் திறந்தேன். அதுக்கு முன்னாடி யாரும் பிரிக்கல, அது நிச்சயம்."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது விளையாட்டு சாரைப் பத்தியா?"

ஆலோசகர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு தெரிந்தது. அது போதும். அவர் எடுத்திருந்தால் இந்தக் கடிதம் திரும்பப் பெட்டிக்குள் போயிருக்காது.

10.40.

அறிவியல் அறையில் பாடம் இல்லாத நேரம். அறிவியல் ஆசிரியர் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டிய குடுவைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். உஷ் மிஸ் ஒரு கண்ணாடித் தகட்டை நீட்டினார். துவாரத்திலிருந்து சுரண்டி எடுத்த வெள்ளைத் துணுக்கு அதன் மேல் இருந்தது. பக்கத்திலேயே கைவினை மன்றத்துப் பசைக் குச்சியிலிருந்து வெட்டிய இன்னொரு துணுக்கு.

"ரெண்டும் ஒண்ணா சார்?"

"பார்த்துடலாம்." அவர் அயோடின் புட்டியை எடுத்தார். "கடிதத்து மேலயும் இருக்குன்னீங்களே, நல்லவேளை அதைக் கொண்டு வரல. தாள்லயே கஞ்சிப் பசை கலந்திருக்கும். அயோடின் பட்டா தாளே நீலமாகும். அப்புறம் எது எதுன்னு சொல்ல முடியாது."

ஒரு சொட்டு. பசைத் துணுக்கின் மேல் பழுப்பு நீர் வழுக்கி ஓடியது. பசை அப்படியே இருந்தது. இன்னொரு சொட்டு. துவாரத்துத் துணுக்கு மெல்லக் கருநீலமாயிற்று.

"மாவு" என்றார் அறிவியல் ஆசிரியர். "பிசைஞ்ச மாவு. ஆறாம் வகுப்புப் பாடம்."

உஷ் மிஸ் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். படிக்கட்டின் பாதியில் நின்றார்.

கடிதத்துக்குப் பயந்தவன் பெட்டியையே காலி செய்திருப்பான். விளையாட்டுக்குச் செய்தவன் எல்லாவற்றையும் பிரித்துப் படித்துச் சிரித்திருப்பான். இங்கே வந்தவர் முதலில் ஒரு வெள்ளைக் கடிதத்தைத் தூக்கியிருக்கிறார். மாவு அதில்தான் ஒட்டியிருக்கிறது. இது இல்லை என்று பிரிக்காமலே திரும்பப் போட்டுவிட்டார். கண்ணாடிப் பட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து மஞ்சளை மட்டும் எடுத்தார். அது மஞ்சள் என்று அவருக்கு முன்னாலேயே தெரியும். மற்ற பிள்ளைகளின் ரகசியத்தில் அவருக்கு அக்கறை இல்லை. அதைக் கெடுக்கவும் மனமில்லை.

பள்ளியில் மாவு இருக்கும் இடம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கேண்டீனில் பன் சுடும் நாள். ஆறே காலுக்குக் கதவு திறந்தது கேண்டீனுக்கு. உதவிக்கு வரும் பெண் எட்டரைக்குத்தான் வருவாள். காவலர் 'கேண்டீன்' என்றுதான் சொன்னார், ஆள் பெயர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. நடைக்கூடத்துத் தூணை யாராவது விசாரிப்பார்களா?

அந்த ஏழாம் வகுப்புப் பெண், சமையற்காரம்மாவின் மகள்.

உஷ் மிஸ் அலுவலகத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். ஏழாம் வகுப்பு, ஆ பிரிவு. அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சுழி. வரவில்லை.

சென்ற பருவத்திலும் இப்படி ஒரு சுழியைத்தான் பார்த்தார். அப்போது நான்கு நாள் கழித்துப் பார்த்தார். இப்போதும் மனம் மரத்துத்தான் கிடந்தது. கால்கள் மட்டும் தாமாகவே வேகமாக நடந்தன.

11.10.

இடைவேளைக் கூட்டம் கலைந்திருந்தது. உதவிப் பெண் வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சமையற்காரம்மா அடுப்படிக்குள் தனியாகப் பன் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு நீளக் கம்பி தொங்கியது. பன் உள்ளே வெந்ததா என்று குத்திப் பார்க்கும் கம்பி. துவாரத்துக்குள் தாராளமாகப் போகும்.

"வாங்க டீச்சர். டீ போடவா?"

"வேண்டாம்க்கா. பொண்ணு எங்க?"

தட்டு துடைத்த துணி ஒரு கணம் நின்றது.

"காய்ச்சல். எங்க அக்கா வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்."

"எப்ப விட்டீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"நல்லா இருக்காளா? நீங்க இன்னைக்குப் பேசினீங்களா?"

"பத்து மணிக்குப் பேசினேன். கஞ்சி குடிச்சாளாம்."

உஷ் மிஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, அந்த மஞ்சள் கடிதத்தை இன்னும் கிழிச்சுப் போடலையே?"

"எந்தக் கடிதம்?"

"நேத்து தம்ளர் எடுக்க வந்தப்ப அவ பெட்டியில போட்டதை நீங்க பார்த்தீங்க. இன்னைக்குக் காலையில மாவு பிசைஞ்ச கையோட, கம்பி நுனியில ஒரு உருண்டை ஒட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க. முதல்ல வேற யாரோடதோ வந்துச்சு. பிரிக்காம உள்ள போட்டுட்டீங்க."

சமையற்காரம்மா தட்டைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. மறுக்கிற தெம்பு இருந்ததாகவும் தெரியவில்லை.

"அது யார் பெத்த பிள்ளையோ எழுதினது. அதை நான் எதுக்குப் படிக்கணும்?"

"உங்க பிள்ளை எழுதினதைப் படிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"என்ன எழுதியிருப்பான்னு தெரியும். அவங்க அப்பா அவளையும் அடிக்க ஆரம்பிச்சிட்டாரு போல, எனக்குத் தெரியாம. அதைத்தான் எழுதியிருப்பா. அதைப் படிச்சா நான் எப்படி டீச்சர் உக்காந்து பன் சுட முடியும்?"

"அப்ப ஆலோசகர் படிச்சிருக்கட்டுமே. அதுக்குத்தானே பெட்டி."

"படிப்பாங்க. யாராவது ஒருத்தர் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவாங்க. ரெண்டு வார்த்தை கேப்பாங்க. எழுதிக்கிட்டுப் போயிருவாங்க. அவங்க போனப்புறம் கதவுக்கு உள்ள இருக்கப்போறது நாங்கதானே." சமையற்காரம்மா முதன்முறையாக நேராகப் பார்த்தார். "போன பருவத்துல அந்தப் பொண்ணுக்கு யார் என்ன செஞ்சீங்க?"

உஷ் மிஸ் முக்காலியைக் கிட்ட நகர்த்திக்கொண்டார்.

"ஒண்ணும் செய்யல" என்றார். "நான் பார்த்தேன். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

வெளியே பாத்திரம் உருளும் சத்தம். சமையற்காரம்மா இடதுகையை நீட்டி, மேல் தட்டிலிருந்த மாவு டப்பாவை எடுத்தார். இடதுகையாலேயே மூடியைத் திறக்க முயன்றார். முடியவில்லை. டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திறந்தார். வலதுகை விலாவோடு ஒட்டி, தன்பாட்டுக்குத் தொங்கியது.

உஷ் மிஸ் அந்தக் கையைப் பார்த்தார். இரண்டு வாரமாகப் பால் தம்ளர் கூடை இடது இடுப்பில்தான் வந்துபோகிறது. இரண்டு வாரமும் அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூடையை எண்ணி வாங்கியிருக்கிறார், கையைக் கவனிக்கவில்லை. மாவையும் கம்பியையும் கண்டுபிடித்தவருக்கு இது தட்டுப்படவே இல்லை.

டப்பாவுக்குள்ளிருந்து நாலாக மடித்த மஞ்சள் தாள் வந்தது. மேலே மாவுப் பொடி.

"நீங்களே பிரிங்க டீச்சர். என்னால முடியாது."

"உங்க பொண்ணு எனக்கு எழுதல, ஆலோசகருக்கு எழுதினா. எடுத்தது நீங்க. படிக்கிறதும் நீங்களே படிங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

சமையற்காரம்மா தாளை மேசையில் வைத்து இடது உள்ளங்கையால் நீவி விரித்தார். உதடு அசையப் படித்தார். பாதியில் நின்றுவிட்டார். தாளை உஷ் மிஸ் பக்கம் தள்ளினார்.

'மதிப்பிற்குரிய ஆலோசகர் மிஸ்ஸுக்கு. என்னை யாரும் அடிப்பதில்லை. அதனால் எழுதலாமா என்று தெரியவில்லை. என் அம்மாவின் வலது கை தூக்க முடியாமல் இருக்கிரது. மாவு பிசைந்து வலி என்று அம்மா சொல்கிறாள். மாவு பிசைந்து அப்படி ஆகாது. நான் போர்வைக்குள் தூங்குவதுபோல் இருப்பேன், ஆனால் எல்லாம் கேட்கும். நான் தூங்குகிறேன் என்று நினைத்துத்தான் அம்மா சத்தம் போடாமல் இருக்கிறாள். எங்கள் இரன்டு பேரையும் வேறு எங்காவது அனுப்ப முடியுமா? அம்மா நன்றாகச் சமைப்பாள். என்னால் தொந்தரவு இருக்காது.'

சமையற்காரம்மா அழவில்லை. அடுப்பை அணைத்தார். துணியை மடித்து வைத்தார். மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தூங்கிட்டான்னு நெனச்சேன்" என்றார். "தினமும் தொட்டுப் பார்ப்பேன் டீச்சர். தூங்கிட்டான்னுதான் நெனச்சேன்."

"ஆலோசகரைக் கூப்பிடட்டுமாக்கா?"

சமையற்காரம்மா மஞ்சள் தாளின் மேலிருந்த மாவுப் பொடியைத் தட்டிவிட்டார்.

"இந்தத் தடவை தட்டிட்டுப் போயிர மாட்டாங்களே?"

"நான் கூடவே இருப்பேன். நீங்க போகச் சொல்ற வரைக்கும்."

"கூப்பிடுங்க."

12.50.

துணைத் தலைமையாசிரியரின் அறை. உஷ் மிஸ்ஸும் ஆலோசகரும் எதிரில் உட்கார்ந்தார்கள். சுருள் வெளியே பெஞ்சில்.

"எடுத்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அவர்.

உஷ் மிஸ் சொன்னார். துவாரத்து மாவு, திரும்பிப் போன வெள்ளைக் கடிதம், ஆறே காலுக்குத் திறந்த கதவு. கடைசியில் ஆளையும் சொன்னார். பேர் வெளியே வரக்கூடாது என்று காலையில் சொன்ன ஆலோசகரும் மறுக்கவில்லை. மருத்துவமனைக்கும், குடும்ப வன்முறையைக் கவனிக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் போக வேண்டிய அறிக்கையில் அந்தப் பெயர் ஏற்கனவே இருந்தது. அம்மாவே கையெழுத்துப் போட்டிருந்தார், இடதுகையால்.

"தன் பிள்ளை கடிதத்தைத் தானே எடுத்திருக்காங்க" என்றார் ஆலோசகர். "இதைத் திருட்டுன்னு எழுதணுமா சார்?"

துணைத் தலைமையாசிரியர் மஞ்சள் தாளைக் கையில் எடுத்தார். படித்து முடித்துவிட்டும் கீழே வைக்கவில்லை. சென்ற பருவத்தில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"நான் எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். சுருள் நிமிர்ந்தாள்.

"போய் வண்டியில ஏறு."

"நான் எடுக்கலைன்னு தெரிஞ்சிடுச்சா சார்?"

"தெரிஞ்சிடுச்சு."

அவள் போகாமல் நின்றாள். ஏதோ பாக்கி இருப்பதுபோல அவர் முகத்தையே பார்த்தாள்.

"தப்பு என் பேர்ல" என்றார் அவர். "பாலம் உடையாம பாத்துக்க."

3.20.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முழங்கைக்கு மேலே எலும்பில் விரிசல், இரண்டு வாரப் பழசு. கட்டுப் போட்டார்கள். அங்கிருந்து ஆலோசகரின் வண்டியில் மூவரும் சமையற்காரம்மாவின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். பாதுகாப்பு அதிகாரி ஐந்து மணிக்கு அங்கேயே வருவதாகச் சொல்லியிருந்தார். இரவுக்குத் தங்க இடமும் சொல்லியிருந்தார்.

அடுக்குமாடியில் மூன்றாவது தளம். அக்கா கதவைத் திறந்தார். தங்கையின் கைக்கட்டைப் பார்த்தார். விலகி வழிவிட்டார்.

பெண் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை. நூலகரைப் பார்த்ததும் முகம் வெளிறியது. உடனே எழுந்து நின்றாள்.

"மிஸ், நான் ஒண்ணும் எழுதல."

"எழுதின" என்றார் அவள் அம்மா. "பெட்டியிலேர்ந்து நான்தான் எடுத்தேன். காலையில. யாருக்கும் தெரியாம."

பெண் அம்மாவைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"கோவமா?"

சமையற்காரம்மா தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. ஆலோசகர் வெளியறையில் அக்காவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். இனி யார் வருவார்கள், என்ன கேட்பார்கள், எங்கே தங்குவார்கள்.

உஷ் மிஸ் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. அந்தப் பெண்தான் சற்று நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"நீங்களும் படிச்சீங்களா மிஸ்?"

"ம்."

"எழுத்துப் பிழை இருந்துச்சா?"

"ரெண்டு."

"எங்க எங்க மிஸ்?"

சொல்ல வாயைத் திறந்தார். 'இருக்கிறது' என்பதற்கு எந்த ற, 'இரண்டு' என்பதற்கு எந்த ண என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நூறு பிள்ளைகளுக்கு நூறு முறை சொன்னது. சத்தம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. நிற்காமல் வந்தது.

பெண் அம்மாவின் கையை விடாமலே கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க மிஸ்" என்றாள். "அப்புறமா சொல்லுங்க."